காந்தமும் மின்முனைவும் ஒரே படிகத்தில்

ஒரு படிகத்தின் காந்தத்தன்மையும் மின்தன்மையும் ஒன்றையொன்று பாதிக்கக்கூடும் என்று, சமச்சீர் விதிகளை மட்டும் கொண்டு பியர் கியூரி 1894-இல் ஊகித்தார். அந்த ஊகம் மெய்ப்பட அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1959-இல் சோவியத் இயற்பியலாளர் ஜியாலோஷின்ஸ்கி, குரோமியம் ஆக்ஸைடில் இவ்விளைவு இருந்தாக வேண்டும் என்றார். மறு ஆண்டே அஸ்த்ரோவ் அதை அளந்து காட்டினார். ஆனால் குரோமியம் ஆக்ஸைடுக்கு நிலையான மின்முனைவு, அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் தாமாகவே விலகி நிற்கும் நிலை, கிடையாது. காந்தமும், மின்புலம் கொடுத்தால் திசை புரளும் நிலையான மின்முனைவும் சேர்ந்த பொருள்தான் தேவைப்பட்டது. 1966-இல் ஜெனீவாவில் ஹான்ஸ் ஷ்மிட் குழுவினர் கண்ட நிக்கல் அயோடின் போராசைட் அப்படிப்பட்டதே. ஆயினும் அதன் இரட்டைக் குணம் சுமார் 60 கெல்வினுக்குக் கீழேதான் தலைகாட்டியது.

இத்தகைய பொருள்கள் ஏன் இவ்வளவு அரிது என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 2000-இல் நிக்கோலா ஹில் (பின்னாளில் ஸ்பால்டின்) ஒரு கட்டுரை எழுதினார். பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியம் அயனி நடுவிடத்திலிருந்து விலகுவதால் மின்முனைவு பிறக்கிறது. அப்படி விலக அதன் டி-எலெக்ட்ரான் கூடு காலியாக இருப்பது துணை செய்கிறது. காந்தத்துக்கோ அதே கூட்டில் இணைசேராத எலெக்ட்ரான்கள் வேண்டும். ஒரே அணுவிடம் இரண்டையும் கேட்பதுதான் சிக்கல்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தால் சிக்கல் தளர்கிறது. பிஸ்மத் ஃபெரைட்டில் பிஸ்மத் மின்முனைவைத் தருகிறது, இரும்பு காந்தத்தைத் தருகிறது. இரண்டுமே அறை வெப்பநிலைக்கு வெகு மேலேயும் நீடிக்கின்றன. 1970-இல் அளந்தபோது மின்முனைவு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 6 மைக்ரோகூலம் என்றே கிடைத்தது. 2003-இல், சென்னையில் படித்து அமெரிக்கா சென்ற ரா. ரமேஷின் குழு மென்படலமாக வளர்த்தபோது அது பத்து மடங்காகத் தெரிந்தது. படலத்தின் இறுக்கமே காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு தூய படிகங்களும் அதே அளவு காட்டின. பழைய மாதிரிகள்தான் தரம் குறைந்தவை. எஞ்சிய குறை வேறு: அதன் இரும்பு அணுக்களின் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஏறக்குறைய முழுதும் ரத்தாகிவிடுகின்றன.

ஆகவே பிரிவினை அணுக்களைத் தாண்டி அடுக்குகளுக்குச் சென்றது. 2016-இல் கார்னெல், பெர்க்லி ஆய்வாளர்கள் லுட்டேஷியம் இரும்பு ஆக்ஸைடை அணு அடுக்கு அணு அடுக்காக வளர்த்தனர். ஒன்பது அலகு லுட்டேஷியம் ஃபெரைட்டுக்கு ஒருமுறை, கூடுதலாக ஓர் இரும்பு ஆக்ஸைடு அடுக்கைச் செருகினார்கள். ஃபெரைட்டில் லுட்டேஷியம் தளம் மேலும் கீழுமாக நெளிகிறது; அதுவே மின்முனைவு. செருகிய இடத்தில் உருவாகும் இரும்பு மிகுந்த சேர்மம்தான் காந்தம். பக்கத்துத் தளத்தின் நெளிவு அதற்குள்ளும் புகுந்து, ஒன்றோடொன்று முரண்பட்டு நின்ற இரும்பு அணுக்களின் காந்தங்களை ஒழுங்குபடுத்துகிறது. இதனால் காந்த நிலைமாற்றம் 240 கெல்வினிலிருந்து 281 கெல்வினுக்கு ஏறியது. அவர்களது கட்டுரைத் தலைப்பு அறை வெப்பநிலை என்கிறது. ஆனால் 281 கெல்வின் என்பது சுமார் 8 டிகிரி செல்சியஸ், அதாவது குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை. மின்புலத்தால் காந்தத்தைக் கட்டுப்படுத்திக் காட்டியதோ இன்னும் குளிரில், 200 கெல்வினில்.