கலவன் பாடசாலையில் பெண்பிள்ளைகள்: கொக்குவில் இந்துவின் நூறு ஆண்டுகளில் எமது பங்கு

காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகப் போக ஊர்ப் பெயர்கள் ஒன்றுபோலவே முடியும்: கொக்குவில், கோண்டாவில், இணுவில், சற்றே விலகி உடுவில். வில் என்றால் நீர் தேங்கி நிற்கும் சிறு குளம். இந்த வில்களுள் யாழ்ப்பாண நகரத்துக்கு மிகக் கிட்டியது எங்களுடைய ஊர். அதனால்தானோ என்னவோ, கொக்குவிலை முழுக் கிராமம் என்றும் சொல்ல முடியாது, பட்டினம் என்றும் சொல்ல முடியாது. தோட்டமும் இருந்தது, சுருட்டுக் கொட்டிலும் இருந்தது. சோதிடப்பிரகாச யந்திரசாலை இங்கிருந்துதான் தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டது. இங்கு சுற்றிய சுருட்டைத் தென்னிலங்கை ஊர்களில் கடை போட்டு விற்கப் போன ஆண்கள் வருடத்தில் சில தடவைகள்தான் வீட்டுக்கு வருவார்கள். அங்கிருந்து வந்த கடிதத்தை வாசிக்கவும் பதில் எழுதவும் வீட்டில் ஒருவருக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். பெண்கல்விக்கு மேடையில் சொல்லப்படும் காரணங்கள் பல. சுருட்டுக் கடைக்காரர் வீட்டுக் காரணம் இதுதான் என்பது என்னுடைய எண்ணம்.

எமது கல்லூரி 1910 இல் ஓர் ஆங்கில பாடசாலையாகத் தொடங்கியது. மிஷன் பாடசாலைக்குப் போகாமலே பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும், சைவத்தையும் விடக்கூடாது என்று அக்காலத்துச் சைவப் பெரியோர்கள் ஊருக்கு ஊர் முயன்றுகொண்டிருந்தார்கள். தெல்லிப்பழையில் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனாவைத் தொடங்கியதும் அதே 1910 இல்தான். இவற்றைத் தொடங்கியவர்களின் மனதில் முதலில் நின்றவர்கள் ஆண்பிள்ளைகள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆங்கிலம் என்றால் உத்தியோகம், உத்தியோகம் என்றால் ஆண்.

பெண்களுக்குப் பாடசாலையே இருக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824 இலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை வைத்துவிட்டது. எலைசா அக்னியூ அம்மையார் 1840 தொடக்கம் ஏறத்தாழ நாற்பது வருடம் அங்கே இருந்து கற்பித்தார். நகரத்தில் வேம்படி இருந்தது, சுண்டிக்குளி இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்காக 1913 இல் மருதனார்மடத்தில் ஒரு கல்லூரி அமைத்தார். ஆனால் விடுதிக்கும் சம்பளத்துக்கும் வண்டிக்கும் காசு வேண்டும். ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் என்றால் அந்தக் காசு மூத்த மகனுக்குத்தான் போகும். மகளுக்கு மிஞ்சுவது நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் பாடசாலை. ஆக, பெண்களுக்குத் தனியாக ஓர் ஆங்கில பாடசாலை நடத்த இயலாத ஊர்களில், ஆண்பிள்ளைகளுக்கென்று எழுந்த கட்டடங்களுக்குள் பெண்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். கலவன் பாடசாலை யாழ்ப்பாணத்தில் கொள்கையாக வரவில்லை, சிக்கனமாக வந்தது. வந்த பிறகுதான் அதற்குக் கொள்கை கிடைத்தது.

அந்தக் கொள்கையைக் கொண்டுவந்தவர்களுள் ஹன்டி பேரின்பநாயகம் அவர்களை முதலில் சொல்ல வேண்டும். மானிப்பாயில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே படிப்பித்தவர். 1924 இல் மாணவர் கொங்கிரஸைத் தொடங்கிய இளைஞர்களில் முன்னின்றவர். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் கொங்கிரஸ் ஆனது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும், 1931 இல் அரசுப் பேரவைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்து வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்பாளரே இல்லாமற் பண்ணியதும் இந்தக் கூட்டம்தான். பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் அவர்கள் சாதி வேறுபாட்டை எதிர்த்ததும், சமபந்தி, சம ஆசனம் என்று பேசியதும் வெறும் பேச்சல்ல. 1930 ஐ ஒட்டிய காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்துவதற்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பது யாழ்ப்பாணத்து வகுப்பறையில் எப்போதுமே பெரிய கேள்வி. பெண்பிள்ளை எங்கே இருப்பது என்பது அந்தக் கேள்வியின் இன்னொரு பக்கம்.

அப்படிப்பட்ட ஒருவரை 1949 இல் ஓர் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றது. நிலத்தின் விலையைவிட மதத்தின் எல்லை கூர்மையாக இருந்த காலத்தில் இது சிறிய காரியமல்ல. அவரைப் புகழ்கிறவர்கள் கொக்குவில் ஊராரையும் கொஞ்சம் புகழலாம். 1960 வரை அவர் அதிபராக இருந்தார்.

அந்தப் பதினொரு வருடங்களுக்கு முன்னதாகவே நிலைமையைத் திருப்பிய ஒன்று நடந்துவிட்டது. கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. சம்பளம் இல்லை என்றதும், மகனா மகளா என்று கணக்குப் பார்த்த வீடுகளில் ஒரு கணக்குக் குறைந்தது. ஐம்பதுகளில் மேல்வகுப்புகளுக்கும் தாய்மொழி மூலம் பாடம் வந்தபோது, வீட்டில் ஆங்கிலம் கேட்டுப் பழகாத பெண்பிள்ளைக்கு இருந்த இன்னொரு தடையும் இளகியது. 1960 டிசம்பரில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதைப் பற்றிச் சபைகளில் நடந்த சண்டைகள் பெரியவை. வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகத் தெரிந்திருக்காது.

அந்நாளைய கலவன் வகுப்பறையின் ஒழுங்கு யாழ்ப்பாணம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பக்கம் பெண்பிள்ளைகள், மறுபக்கம் ஆண்பிள்ளைகள், நடுவில் ஆசிரியர் நடக்க ஓர் இடைவெளி. இடைவேளைக்கு அவரவர் மரம். கொப்பி இரவல் வாங்குவதென்றாலும் நேரே கேட்பதில்லை, தம்பியோ தங்கையோ தூது. ஒரே வகுப்பில் வருடக்கணக்காக இருந்தும் ஒரு வார்த்தை பேசாதவர்கள் உண்டு. அதே பிள்ளைகள் பரீட்சைப் புள்ளியில் ஒருவரையொருவர் விடாமல் துரத்தினார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்ற பேச்சு, ஒரே வினாத்தாளுக்கு ஒரே அறையில் விடை எழுதும் இடத்தில் நெடுநாள் நிற்காது. பெண்கள் கல்லூரிகளில் படித்த எங்கள் சிநேகிதிகளுக்கு மேடையும் தலைமைப் பதவியும் தாராளமாகக் கிடைத்தன. எங்களுக்கு அவை அரிதாகவே கிடைத்தன. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

காலையில் தேவாரம், வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனை, நவராத்திரியில் வாணி விழா, இல்ல விளையாட்டுப் போட்டி ஆகியவை எல்லாச் சைவப் பாடசாலைகளுக்கும் பொதுவான மரபுகள். வாணி விழாவில் கோலமும் மாலையும் பெண்களிடம், பந்தலும் வாழைமரமும் ஆண்களிடம் என்ற பங்கீட்டை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் மாறாமல் வந்தது. எங்களுக்குக் கோலம் பிடித்திருந்தது. பந்தலில் ஏறவும் ஆசை இருந்தது.

பிறகு பெண்பிள்ளைகளின் கைக்குச் சைக்கிள் வந்தது. பெரிய சீர்திருத்தம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால் இதையும் சேர்ப்பேன். ரியூசனுக்கும் ஆய்வுகூட வகுப்புக்கும் அப்பாவோ அண்ணாவோ கூட வராமல் போய் வர முடிந்தது. 1974 இல் பக்கத்து ஊரான திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் திறந்தது. மருத்துவ பீடமோ பின்னர் கொக்குவிலுக்கே வந்துவிட்டது. எழுபதுகளின் தரப்படுத்தல் யாழ்ப்பாணப் பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கியபோது, பேராதனைக்குத் தனியே அனுப்பத் தயங்கிய பெற்றோரின் மகள்மாருக்கு வீட்டுக்கு அருகே ஒரு வாசல் திறந்தது தற்செயலான நன்மை.

எமது கல்லூரி வரலாற்றில் ஒரு பகுதியை எழுதக் கை தயங்குகிறது. எழுதாமலும் விட முடியாது. 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற முன்னேறியபோது, சுற்றாடலிலிருந்த மக்கள் வீடுகளை விட்டு இந்தக் கல்லூரிக்குள் வந்து தஞ்சமிருந்தார்கள். பாடசாலைக்கு அடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். அந்த அகதிகள்மீது எறிகணை விழுந்து பலர் இறந்தார்கள். பாடம் படித்த அதே கட்டடங்கள். 1990 இன் பின் நெடுங்காலம் கொக்குவில் நிலையத்தைக் கடந்து எந்தப் புகையிரதமும் ஓடவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் இடம்பெயர்ந்தபோது கொக்குவிலும் வெறிச்சோடியது. 1996 இல் திரும்பி வந்தவர்கள் கூரையையும் கதவையும் தேடிக்கொண்டிருந்த நாட்களில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலைப் படலைக்கு வந்தவர்களில் தாய்மார் கூட. தகப்பன் இல்லாத வீடுகள் அப்போது எத்தனையோ.

கொக்குவிலில் பிறந்து எமது கல்லூரியில் படித்த எழுத்தாளர் அ. முத்துலிங்கத்தை உலகம் அறியும். அவருடைய காலத்தில் வகுப்பறையின் மறுபக்கத்தில் இருந்த பெண்பிள்ளைகளின் பெயர்கள் சேர்வு இடாப்பில் உண்டு, குழுப் படங்களின் அடிக்குறிப்பில் பெரும்பாலும் இல்லை. கலியாணத்தின் பின் பெயரின் பின்பாதி மாறிவிடுவதால் தேடுவதும் சுலபமல்ல. இந்த மலரை வாசிக்கிறவர்களின் வீட்டு அலுமாரியில் அப்படியொரு படம் இருந்தால், அம்மாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் இருத்தி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.