பெயர் பெறாத பெண்

ஊழியம் செய்தாள், உள்ளம் அறிந்தாள், உரிமையோடு இடித்துரைத்தாள். எனினும் அவளுக்கென ஒரு பெயர் இல்லை!

1939ஆம் ஆண்டு வெளிவந்த 'கான் வித் த விண்ட்' எனும் ஹாலிவுட் படத்தைக் கண்டவர்கள் அவளை மறந்திருக்கமாட்டார்கள். பண்ணையார் மகள் ஸ்கார்லெட் ஓஹாராவை வளர்த்த கறுப்பினச் செவிலி அவள். 'மேமி' என்றழைத்தனர். அஃது அவள் பெயரா? அன்று. கறுப்பினச் செவிலியரை வெள்ளையர் வீடுகளில் விளித்த பொதுச்சொல்!

ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திப் பண்ணையே கதைக்களம். 1861இல் உள்நாட்டுப் போர் மூள்கிறது. 1865இல் தென் மாநிலங்கள் தோற்கின்றன. அடிமை முறை ஒழிகிறது. பண்ணையாரின் பெருவாழ்வு காற்றோடு போயிற்றே எனப் படம் கண்ணீர் வடிக்கிறது. ஸ்கார்லெட்டுக்குக் காதல் உண்டு. அடுத்தடுத்துக் கணவர் மூவர் உண்டு. பசியும் பிடிவாதமும் உண்டு. மேமிக்கு? கணவன் யார், குழந்தை எங்கே என்று கதை சொல்லவே இல்லை. விலங்கு ஒடிந்த பின்னும் அதே குடும்பத்துக்கு அதே ஊழியம்!

வரலாறு கூறுவது வேறு. விடுதலை பெற்றோர் பலர், விற்கப்பட்ட மனைவி மக்களைத் தேடி ஊர் ஊராக நடந்தனர்; செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தனர்; எழுத்தறியப் பள்ளிகளை நாடினர்; தமக்கெனக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டனர். காவியமாகத்தக்க அவர்தம் கதைக்குப் படத்தில் இடமில்லை.

மேமியாக நடித்தவர் ஹேட்டி மெக்டேனியல். அவர் தந்தை அடிமையாகப் பிறந்தவர். வட மாநிலப் படையில் சேர்ந்து, அடிமை முறையைக் காக்க நின்ற தென்னாட்டாரை எதிர்த்துப் போரிட்டவர்! அவ்வீரரின் மகளுக்கு, பண்ணை வீட்டின் வீழ்ச்சிக்கு வருந்தும் வேடம்.

1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் நடந்த முதற்காட்சியில் அவர் இல்லை. நிறப் பிரிவினை அந்நகரை ஆண்டது. 1940 பிப்ரவரி 29 அன்று சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் பெற்ற முதல் ஆஸ்கார் அது. ஆனால் மண்டபத்தில், உடன் நடித்தோருடன் அமர இடமில்லை, தனி மேசை! 1952இல் மறைந்தார். ஹாலிவுட் இடுகாட்டில் துயில விரும்பினார். நிறம் குறுக்கே நின்றது. 1999இல்தான் அங்கே அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது.

கதையிலே பெயர் தராத உலகம், மண்டபத்திலே இடம் தரவில்லை; இடுகாட்டிலே மண்ணும் தரவில்லை. மூன்றும் ஒரே கொடியில் காய்த்த காய்கள்!

படத்தை ஒதுக்குக என்று கூறவில்லை. காண்க! கலையழகில் திளைக்க! ஆனால், கதாநாயகியின் கண்ணீரைக் காணும் கண்கள், அவள் பின்னே நிற்பவளையும் காணட்டும். "அம்மா, உன் பெயர் என்ன?" என்று நம் நெஞ்சம் கேட்கட்டும்!