இரு கரைகளும் ஒரு நடைப்பாலமும்

ஆறு ஊரை வளர்க்கும். சில வேளைகளில் ஊரை இரண்டாகப் பிரிக்கவும் செய்யும். வட அயர்லாந்தில் ஃபாயில் ஆற்றங்கரையில் அமைந்த நகரம் இதற்குச் சான்று. அதன் பெயரிலேயே பிளவு உண்டு. அயர்லாந்தோடு இணைய விரும்புவோர் அதனை டெரி என்பர். பிரிட்டனோடு நிலைக்க விரும்புவோர் லண்டன்டெரி என்பர்.

1613 முதல் 1618 வரை, கடல் கடந்து வந்து குடியேறிய புராட்டஸ்டண்டு மக்களின் காவலுக்காக அங்கே மதில் எழுந்தது. குடியேறியோருக்கும் கத்தோலிக்கராகிய பழங்குடி மக்களுக்கும் இடையே மூண்ட பகை நூற்றாண்டுகளாகத் தணியவில்லை. 1972ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், விசாரணையின்றிச் சிறை வைப்பதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தின்மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டனர். 13 பேர் அன்றே மாண்டனர். கலவர ஆண்டுகளில் புராட்டஸ்டண்டு மக்கள் பலர் மேற்குக் கரையை விட்டுக் கிழக்குக் கரைக்குச் சென்றனர். ஆறே எல்லைக்கோடு போலாயிற்று.

ஆற்றின்மேல் பாலங்கள் இல்லாமலில்லை. 1933இல் ஒன்றும் 1984இல் ஒன்றுமாக இரண்டு பெரும் பாலங்கள் இருந்தன. ஆனால், வண்டியில் விரைபவர் எதிரே வருபவரின் முகத்தைக் காண்பதில்லை. நடப்பவரோ காண்பர், ஒதுங்கி வழிவிடுவர், நாளடைவில் வணக்கமும் கூறுவர்.

1998ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின், நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் மட்டுமே உரிய பாலமொன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் கட்டப்பெற்று, 2011ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் திறக்கப்பட்டது. அமைதிப் பாலம் என்பது அதன் பெயர். வில்கின்சன் அயர் என்னும் பிரிட்டிஷ் கட்டடக் கலை நிறுவனம் அதனை வடிவமைத்தது. பாதை நேராகச் செல்லாமல் இருமுறை வளைந்து செல்கிறது. இரண்டு எஃகுத் தூண்கள் எதிரெதிர்த் திசைகளில் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பக்கத்துப் பாதையைக் கம்பி வடங்களால் தாங்குகிறது. நடு ஆற்றில் இரண்டும் ஒன்றையொன்று கடந்து, கைகுலுக்குவது போல் இணைகின்றன.

அதன் முனைகள் அமைந்த இடங்களும் எண்ணத்தக்கவை. மேற்கு முனை நகர மன்றமாகிய கில்டுஹாலை அடுத்தது. கிழக்கு முனையோ, முன்னர்ப் படையினரின் பாசறையாக விளங்கிய எப்ரிங்டன் வளாகம். மதிலுக்குள் அடைபட்டிருந்த அந்நிலம் 2012இல் பொதுச் சதுக்கமாயிற்று. பாசறை அகன்றிராவிடில் பாலத்திற்கு வழியில்லை. பாலம் இல்லையேல் சதுக்கத்திற்கு மக்கள் வருவதும் அரிது.

பாலம் பகையைத் தீர்த்துவிட்டது என்பது மிகையாகும். மக்கள் இன்றும் பெரும்பாலும் தத்தம் கரையிலேயே வாழ்கின்றனர். எனினும், அச்சமின்றி அக்கரைக்கு நடந்து சென்று மீளும் உரிமை எளிதன்று. எஃகும் வடமும் கரைகளைத்தான் இணைக்கும். மனங்களை இணைப்பது நடக்கும் கால்களே.