புழுங்கல் அரிசியும் குளுக்கோஸ் போத்தலும்

யாராவது காய்ச்சல், வாந்தி என்று நாலு நாள் படுத்துவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் பேச்சு, "ஒரு குளுக்கோஸ் போத்தல் ஏத்தினால் தெம்பு வந்திடும்" என்பதுதான். வைத்தியர் தேவையில்லை என்றாலும் விடமாட்டோம். ஐந்து வீதக் குளுக்கோஸ் அரை லீற்றரில் இருப்பது 25 கிராம் சீனி, ஐந்தாறு தேக்கரண்டி. அதில் என்ன இல்லை என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியின் வரலாறு, நாம் தின்னவேலிச் சந்தையில் வாங்கும் புழுங்கல் அரிசியில் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்தார் ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் மலாயா போன காலம். அங்கே சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நடக்க முடியாமல், இதயம் பழுதாகி இறந்துகொண்டிருந்தார்கள். நோயின் பெயர் பெரிபெரி. 'முடியாது' என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதே இடங்களில் தமிழருக்கு அந்நோய் அரிது. தமிழர் உண்டது புழுங்கல், சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி என்பதை பிராடன் என்ற வைத்தியர் கவனித்தார். பச்சையரிசியில் நஞ்சு இருக்கிறது என்று அவர் நினைத்தது மட்டும் பிழை.

1905இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மற்றப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இன்று இப்படியொரு பரிசோதனைக்கு எவரும் அனுமதி தரமாட்டார்கள்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அந்தச் சத்துதான் தயமின், விற்றமின் பி1. 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த ரொபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர் இந்தியாவின் நெல்லூர். நம் ஊரைப்போல் பெயரிலேயே நெல் உள்ள ஊர்!

சீனியைச் சக்தியாக்கத் தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் சீனி பாதிவழியில் நின்று லக்ரிக் அமிலமாகி இரத்தத்தில் சேரும். உடலிலுள்ள சேமிப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் காணும்.

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழுவினர், வாயால் எதுவும் கொடுக்காமல் நாளம் வழியாகவே நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினார்கள். பின்னர் குடல் இயங்காத மனிதர்கள் வீட்டிலேயே இரவில் உணவுப் பையை ஏற்றிக்கொண்டு, பகலில் வேலைக்குப் போகுமளவுக்கு அது வளர்ந்தது. பெரிய கொடைதான். ஆனால் பையில் போடாதது உடலுக்குக் கிடைக்காது. 1988இல் அந்நாட்டில் ஊசி விற்றமினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பையில் சீனி இருந்தது, தயமின் இல்லை. மூவர் அமிலம் ஏறி இறந்தார்கள். 1996 முடிவில் மீண்டும் தட்டுப்பாடு, மீண்டும் அதே நோய். இம்முறை காரணத்தைக் கண்டுபிடித்துத் தயமின் ஏற்றியதும் சில மணித்தியாலங்களில் தேறினார்கள். கோலாலம்பூர் முடிந்து தொண்ணூறு வருடத்தின் பின், உலகின் பணக்கார நாட்டில் இது நடந்தது.

நம்மவர்களில் அப்படி வீட்டில் உணவுப் பை ஏற்றுவோர் இல்லாமலே இருக்கலாம். ஆனால் கர்ப்பகால வாந்தியால் வாரக்கணக்கில் சாப்பிடாத பெண்களும், குடியால் உடல் கெட்டவர்களும், புற்றுநோயால் மெலிந்தவர்களும் இருக்கிறார்கள். தயமின் வற்றிய உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளையே பாதிக்கப்படலாம். அதனால்தான் வைத்தியர்கள் இத்தகையோருக்குக் குளுக்கோஸுடன், அல்லது அதற்கு முன்பே, தயமின் ஊசி போடுகிறார்கள். வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனால் போத்தலைக் கேட்க முன்பு, "இவர் இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை" என்பதை நாள் எண்ணிச் சொல்லுங்கள்.