ஹானி ஜவ்ஹரிய்யா: பலஸ்தீனத்தைப் படம் பிடித்த கமெராக்காரர்

பலஸ்தீனப் போராட்டம் என்றதும் தலைவர்கள், போராளிகள், கவிஞர்களின் பெயர்கள் நமக்கு ஞாபகம் வரும். கமெராக்காரர்களின் பெயர்கள் வருவதில்லை. படம் நம்மட கண்ணுக்குள் நிற்கும். அதை எடுத்தவர் யாரெண்டு கேட்க மாட்டோம். அப்படிக் கேட்கப்படாமல் போனவர்களில் ஒருவர் ஹானி ஜவ்ஹரிய்யா.

1939இல் ஜெரூஸலத்தில் பிறந்த ஹானி, கெய்ரோவிலும் லண்டனிலும் ஒளிப்பதிவு கற்றார். பிறகு அம்மானில், ஜோர்தான் அரசின் திரைப்படப் பிரிவில் தொழில் பார்த்தார். 1967 ஜூன் யுத்தத்தில் மேற்குக் கரை பறிபோனது. இலட்சக்கணக்கான மக்கள் நதியைக் கடந்து ஜோர்தானுக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவரை அந்த மக்களைப் படமெடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியார்தான். அவர்கள் காட்டியது நிவாரணத்துக்காக வரிசையில் நிற்கும் அகதிகளை. அந்த அகதிக்கு ஓர் ஊரும் ஒரு கோரிக்கையும் உண்டு என்பது படத்தில் விழவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 1968இல் மூன்று பேர் சேர்ந்தார்கள்: ஹானி, இயக்குநர் முஸ்தபா அபூ அலி, நாப்லுஸைச் சேர்ந்த சுலாபா ஜாதல்லாஹ். சுலாபா கெய்ரோவில் ஒளிப்பதிவு படித்த பெண். பலஸ்தீன திரைப்படப் பிரிவு இவர்களால் உருவானது. தொடக்கத்தில் ஒரு வீட்டின் சமையலறையே அவர்களுடைய இருட்டறை. பின்னர் தவறுதலாகப் பாய்ந்த துப்பாக்கிக் குண்டொன்று சுலாபாவை முடமாக்கியது.

பலஸ்தீனர் என்று யாருமே இருக்கவில்லை என 1969இல் இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மேயர் சொன்னார். அபூ அலி 1974இல் எடுத்த படத்துக்கு ‘அவர்கள் இல்லை’ என்றே பெயரிட்டார். நபத்திய்யா அகதி முகாமின் அன்றாட வாழ்வையும், விமானக் குண்டுகள் அதை அழித்த பின் எஞ்சியதையும் அது காட்டுகிறது. இல்லை என்றவருக்கு அவர்களிடமிருந்த பதில் கமெராதான்.

1970 செப்டம்பர் மோதல்களுக்குப் பின் பிரிவு பெய்ரூத்துக்கு மாறியது. பிற்காலத்தில் ஹானியும் அங்கு போனார். 1976 ஏப்ரல் 11ஆம் திகதி, லெபனானின் ஐன்தூரா மலைப்பகுதியில் சண்டையைப் படமெடுத்துக் கொண்டிருக்கையில் கொல்லப்பட்டார். நாற்பது வயது கூட ஆகவில்லை. அவர் இறுதியாக எடுத்த காட்சிகளைச் சேர்த்து, அபூ அலி ‘கண்ணில் பலஸ்தீன்’ என்ற படத்தைச் செய்தார்.

கதை அதோடு முடியவில்லை. 1982இல் இஸ்ரேல் பெய்ரூத்தை முற்றுகையிட்டதன் பின், பிரிவு பல வருடமாகச் சேர்த்த படச்சுருள்கள் கைநழுவிப் போயின. கைப்பற்றப்பட்ட பலஸ்தீனப் படங்கள் இஸ்ரேலிய இராணுவ ஆவணக் காப்பகத்தில் இருப்பதை, இஸ்ரேலிய ஆய்வாளர் ரோனா செலா 2017இல் ஒரு படமாகவே வெளிக்கொண்டு வந்தார்.

அப்படியானால் இன்று நாம் பார்க்கும் பிரதிகள் எங்கிருந்து வந்தன? திரைப்பட விழாக்களுக்கும், வெளிநாட்டு ஆதரவுக் குழுக்களுக்கும் அந்தக் காலத்தில் கொடுத்தனுப்பிய பிரதிகள் அங்கங்கே தங்கியிருந்தன. அபூ அலியின் மனைவி கதீஜா ஹபாஷ்னே பல வருடங்கள் அலைந்து அவற்றைத் தேடிச் சேர்த்தார். பூட்டி வைத்த மூலங்கள் போய்விட்டன. ஊர் ஊராகக் கொடுத்தவைதான் மிஞ்சின. ஹானியின் உழைப்பில் நமக்குக் கிடைத்திருப்பதும் அந்த வழியால் வந்ததுதான்.