ஒன்றிப்பின் விலை

குற்றாலத்தில் பேரருவியாக விழும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அவ்வாற்றுவெளியில் காணப்படும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களும் ஒரு சங்கமத்தின் சாட்சிகளே.

இங்கு வேரூன்றியிருந்தது ஆயர்களைக் கொண்ட ஆங்கிலிக்கன் மரபு. சென்னையிலும் ஆர்க்காட்டுப் பகுதியிலும் ஸ்காட்லாந்து, அமெரிக்க மறைப்பணியாளர்கள் வளர்த்ததோ, மூப்பர் குழு வழிநடத்தும் பிரஸ்பிட்டேரியன், சீர்திருத்த மரபு. இம்மரபினர் 1908இல் காங்கிரிகேஷனல் சபையாரோடு இணைந்தனர். 1919இல், நெல்லைச் சீமையில் பிறந்த ஆங்கிலிக்கன் ஆயர் அசரியா உள்ளிட்டோர் தரங்கம்பாடியில் கூடி, சபைகளின் பிளவு நற்செய்திப் பணியை வலுவிழக்கச் செய்கிறது என அறிக்கையிட்டனர்.

உடன்பாடு கனிய 28 ஆண்டுகள் ஆயின. ஆயரின் ஆட்சிக்கு அஞ்சியோர் ஆயரை ஏற்றனர். ஆயரின் கைவைப்பைப் போற்றியோர், மற்றவரின் குருக்களை மறுபடி திருநிலைப்படுத்தாமலே ஏற்றனர். மெதடிஸ்தரும் சேர, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

திருநிலைப்பாடு பற்றிய கத்தோலிக்கப் படிப்பினை வேறு. ஆயினும், உள்ளார்ந்த மனமாற்றமின்றி ஒன்றிப்பு இல்லை என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்ததை இவர்களிடம் காண்கிறோம். நம் பங்கிலும் அன்பியத்திலும் பிணக்குகள் நீடிப்பது கொள்கையாலா, விட்டுக்கொடுக்க மனமின்மையாலா? இக்கேள்வியோடு நற்கருணைப் பந்தியை அணுகுவது நன்று.