வளையம் போட்ட ஆமை



கடலாமை பற்றி வகுப்பில் பேசினால், "சேர், அரநாயக்கவுல கடலே இல்லையே, நமக்கு எதுக்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது நாங்கள் சொல்லும் வரலாறு இது.

1826 இல் அம்பாந்தோட்டைக்கு அருகே ஓர் அழுங்காமை பிடிபட்டது. அதன் துடுப்பில் ஒரு வளையம். முட்டையிட ஆமைகள் அதே கரைக்குத்தான் திரும்புகின்றனவா என்று அறிய, முப்பது வருடங்களுக்கு முன் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் மாட்டிவிட்டது. 1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள். ஆமை மட்டும் கரையை மாற்றவில்லை.

இதை எழுதிவைத்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட், இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். செத்த ஆமையின் ஓடு நிறம் மங்கிவிடும். அதனால் முட்டையிட வந்த ஆமையை உயிரோடு நெருப்பின் மேல் தொங்கவிட்டு, ஓட்டுத் தகடுகள் கழன்றதும் கடலில் விட்டார்களாம்.

அந்தத் தகடுகள்தான் அன்றைய கரையோரச் சிங்கள ஆண்கள் தலையில் செருகிய பிறைச் சீப்புகளாயின. காலித் துறைமுகத்தில் கப்பல் பயணிகளிடம் ஆமையோட்டுப் பொருட்கள் விற்றவர்களில் நம் சோனக வியாபாரிகளும் இருந்தார்கள். பழியை யாரோ ஒருவர் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

அழுங்காமை ஒரு தடவையில் நூறுக்கும் மேல் முட்டையிடும். ஆனால் குஞ்சு வளர்ந்து தாயாக இருபது வருடங்களுக்கு மேலாகும். தாயைக் கொன்றால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை வேண்டும். உலகின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கையில் முட்டையிடுகின்றன. அவற்றில் மிக மோசமான ஆபத்தில் இருப்பது அழுங்காமைதான்.

1972 இல் சட்டம் எல்லாக் கடலாமைகளையும் பாதுகாத்தது. இன்று முட்டை எடுப்பதும் ஓட்டுப் பொருள் விற்பதும் குற்றம். சீப்புக் காலம் முடிந்தது. ஆனால் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக் முடியவில்லை. ஆமைகள் அதை இரையென்று விழுங்குகின்றன.

பிள்ளைகளின் கேள்விக்கு இங்கேதான் பதில். நம் ஓடைகள் மகா ஓயாவில் சேர்கின்றன. மகா ஓயா நீர்கொழும்புக்கு வடக்கே கொச்சிக்கடையில் கடலில் கலக்கிறது. நம் ஊர்ப் பாலத்தடியில் வீசும் பொலித்தீன் பைக்கும் அதுதான் வழி.

நாளை வீட்டுக் குப்பையை ஓடைக்குக் கொண்டுபோகுமுன், அந்த வளையம் போட்ட ஆமையை ஒருதரம் நினைத்துக்கொள்வோம்.